நோக்கும் நோக்கமும்: ஊவா மாணவரும் கடல் கடந்த கல்வியும்

வெளிநாடு சென்று கற்று மீளுதல் மாணவர்தம் உள்ளத்தை விரிவடையச் செய்யும் என்பது யாவரும் ஒருமுகமாகக் கூறும் கூற்றாகும். பரிசளிப்பு விழா மேடையில் இதனைக் கேளாது கழிந்த ஆண்டு ஒன்று உண்டென்று கூறுதல் அரிது. பலகாலும் கேட்டுப் பழகிய உரையை நாம் ஆராய்வதில்லை, தலையசைத்து விடுகின்றோம். பழைய மாணவரும் இன்றைய மாணவரும் ஆசிரியரும் ஒருங்கே படிக்கும் விழா மலரொன்றிலே இதனைச் சற்று நிறுத்தி ஆராய்தல் தகும் என்று கருதி இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

விரிவடைவது யாது? தமிழிலே நோக்கு, நோக்கம் என இரு சொற்கள் உள. உடன்பிறந்த சொற்களே, ஆயினும் பொருள் வேறு. நோக்கம் என்பது நாளை நாம் யாதாக வேண்டும் என்று வகுத்துக்கொள்வது. நோக்கு என்பது இன்று நம் கண்முன் உள்ளதை நாம் காணும் விதம். வெளிநாட்டுப் பயணம் முன்னதை எளிதில் விரிக்கும். பெரிய நகரையும் பெரிய சம்பளத்தையும் கண்டவன் தானும் பெரிதாக விரும்புவான்; அதற்குக் கல்வியும் வேண்டுவதில்லை. பின்னதோ தானாக விரிவதன்று. அதற்கு ஊரிலிருந்தே உடன்கொண்டு சென்ற வினா ஒன்று வேண்டும். இதுவே எமது கருத்து. இதனைப் பதுளையையும் ஊவாத் தோட்டங்களையும் முன்னிறுத்தி விளக்க முயல்வோம்.

கடல் கடத்தல் ஊவாவுக்குப் புதுமையன்று. இங்குள்ள தமிழ்க் குடும்பங்களிற் பெரும்பாலானவை கடல் கடந்து வந்த குடும்பங்களே. கோப்பிக் காலத்திலே தமிழகத்திலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்து மலையேறினர். 1914 இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற்சேவை தொடங்கிய பின்னர் புகையிரதத்தில் வந்தனர். 1924 இல் அப்புகையிரதப் பாதை பதுளையிலே முடிவெய்திற்று. இது முதலாவது கடற்பயணம். இரண்டாவது, 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்பின் அதே வழியில் எதிர்த்திசையாக நடைபெற்றது. மூன்றாவது, மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுப் பணிப்பெண்களாய்ச் சென்ற நம் தாய்மாரும் சகோதரிமாரும் மேற்கொண்டது. இம்மூன்று பயணங்களிலும் சென்றவர் கற்கவில்லையோ எனின், கற்றனர். மிக ஆழமாகவே கற்றனர். ஆனால் கற்றதை எழுதவும் எடுத்துரைக்கவும் அவர்க்கு நேரமும் இல்லை, கேட்பாரும் இல்லை. மாணவனது பயணம் இவற்றினின்றும் வேறுபடுவது இவ்விடத்திலேதான். அவனுக்குப் பார்க்கவும் படிக்கவும் வினவவும் எழுதவும் சில ஆண்டுகள் வழங்கப்படுகின்றன. மற்றையோர் பெறாத ஓய்வு அது.

இனி, நோக்கம் மாத்திரம் விரிந்த பயணம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஹப்புத்தளைக்கு மேலே தம்பேதன்னைத் தோட்டத்தின் உச்சியில் லிப்டன் இருக்கை எனப்படும் இடம் உண்டு. வானம் தெளிந்த காலை வேளையில் ஊவாவின் மலைகளும் தென்புறத்துச் சமவெளியும் அங்கிருந்து தெரியும். அவ்விடத்திற்குப் பெயர் தந்த தோமஸ் லிப்டன் ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து ஏழைக் குடும்பத்துப் பிள்ளை. மாணவப் பருவத்தில், 1860 களின் நடுப்பகுதியில், அமெரிக்காவுக்குக் கப்பலேறினான். வேர்ஜீனியாவிற் புகையிலைத் தோட்டத்திலும் தென் கரோலினாவில் நெல் வயலிலும் வேலை செய்தான். இறுதியில் நியூயோர்க் நகரத்துப் பெருங்கடையொன்றின் பலசரக்குப் பகுதியில் உதவியாளனாய் அமர்ந்தான். பொருளை அடுக்கும் முறையையும் விளம்பரத்தின் வலிமையையும் அங்கே கண்டுகொண்டான். ஊர் திரும்பி 1871 இல் கிளாஸ்கோவிற் சொந்தக் கடை திறந்தான். 1890 இல் இலங்கைக்கு வந்து ஹப்புத்தளைப் பகுதியில் தோட்டங்களை வாங்கினான். தேயிலையைத் தோட்டத்திலிருந்து நேரே கடைக்குக் கொண்டு சென்று உலகப் புகழ் பெற்றான்.

வெளிநாட்டு அனுபவம் ஓர் இளைஞனின் நோக்கத்தை எவ்வளவு தூரம் விரிக்கும் என்பதற்கு இதனினும் சிறந்த உதாரணம் தேடவேண்டியதில்லை. அவர் வாங்கிய தோட்டங்களின் லயங்களில் வாழ்ந்தோரை அவர் எக்கண்ணாற் கண்டார் என்பதே எமது அடுத்த வினா. தாமும் ஒருகாலத்திற் பிறர் தோட்டத்திற் கூலிக்கு உழைத்தவர்தாம். ஆயினும் லயம் இருந்தபடியே இருந்தது. அக்காலத்து முதலாளிமாருள் அவரை மாத்திரம் தனியே குறைகூறுதல் நேர்மையன்று. எல்லாத் தோட்டங்களும் அவ்வாறே நடந்தன. நாம் காட்ட விரும்புவது ஒன்றே: அமெரிக்கா அவருக்குக் கடை நடத்தக் கற்பித்தது, தோட்டத் தொழிலாளியைக் காணக் கற்பிக்கவில்லை.

நோக்கு விரிந்த பயணத்திற்கும் தொலைவிற் செல்ல வேண்டியதில்லை. 1927 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே, கதர் நிதி திரட்டும் பொருட்டு இலங்கை வந்த காந்தியடிகள் பதுளைக்கும் வந்தார், மக்களிடையே பேசினார். பதுளை மக்கள் கண்டது அரையாடை அணிந்த ஐம்பத்தெட்டு வயதினரை. அவர் ஒருகாலத்தில் வெளிநாடு சென்ற மாணவர் என்பதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகின்றோம்.

1888 செப்டெம்பர் 4 ஆம் நாள் அவர் பம்பாயிற் கப்பலேறியபோது வயது பத்தொன்பது நிறையவில்லை. கடல் கடத்தல் ஆகாதென்று அவரது சாதிப் பஞ்சாயத்தார் தடுத்தனர்; மீறியமையால் சாதியினின்றும் விலக்கி வைத்தனர். மதுவும் மாமிசமும் மாதர் உறவும் தீண்டேன் என்று சமணத் துறவி ஒருவர் முன்னிலையில் தாய்க்குச் சத்தியம் செய்து கொடுத்தே புறப்பட்டார். பாரிஸ்டர் ஆதல் வேண்டும், குடும்பத்திற்குத் திவான் உத்தியோகம் மீளவேண்டும்: நோக்கம் இவ்வளவே. இன்றைக்கு எமது மாணவர் ஒருவர் கணக்காளர் ஆதற்கோ பொறியியலாளர் ஆதற்கோ புறப்படுவதினின்றும் இது வேறுபட்டதன்று.

இலண்டனில் முதற்சில மாதங்கள் அவர் செய்தவற்றைத் தம் சுயசரிதையில் ஒளியாது எழுதியிருக்கின்றார். உயர்ந்த தொப்பி வாங்கினார். பொண்ட் வீதியிற் பத்துப் பவுணுக்கு மாலையுடை தைப்பித்தார். நடனம் பயிலக் கட்டணம் செலுத்தினார். தாளம் பிடிபடாமையால் வயலின் வாங்கிப் பயின்றார். பேச்சுக்கலைக்கு ஆசிரியரை அமர்த்தினார். ஆங்கிலக் கனவானாதலே அறிவு விரிதல் என்று எண்ணிய காலம் அது. அந்த மயக்கம் ஏறத்தாழ மூன்று மாதத்தில் தெளிந்தது. ஒவ்வொரு பென்னிக்கும் கணக்கெழுதத் தொடங்கினார். வண்டிச் செலவை விடுத்து நாள்தோறும் எட்டு மைல், பத்து மைல் நடந்தார்.

அவரை மாற்றியது நடனமன்று, நகரமுமன்று. தாய்க்குக் கொடுத்த சத்தியம். இது சற்று விசித்திரமாகத் தோன்றலாம். மாமிசம் உண்ணாமையால் அவர் இலண்டனிற் பசியோடு அலைந்தார். அலைந்தமையாற் பரிங்டன் வீதியில் மரக்கறி உணவுச்சாலை ஒன்றைக் கண்டார். அங்கே ஹென்றி சோல்ற் என்பவர் மரக்கறி உணவை ஆதரித்து எழுதிய நூலை ஒரு சிலிங்குக்கு வாங்கினார். அதுவரை வாக்குக்காக மாத்திரம் காத்துவந்த நெறியை அந்நூலைப் படித்தபின் மனமுவந்து ஏற்றார். மரக்கறி உணவுச் சங்கத்தின் செயற்குழுவிற் சேர்ந்தார். தாம் வசித்த பேஸ்வோட்டர் பகுதியிற் கிளைச்சங்கம் அமைத்துச் செயலாளராய்ப் பணிபுரிந்தார். சங்கத்தின் பத்திரிகைக்குக் கட்டுரை எழுதினார். கூட்டம் நடத்துதல், அறிக்கை எழுதுதல், சிறுபான்மையினராய் நின்று ஒரு கொள்கையை வாதித்தல் ஆகியவற்றை அவர் முதன்முதலிற் பயின்றது சட்டக் கல்லூரியிலன்று, அச்சங்கத்திலேயே.

இதனினும் வியப்பானது மற்றொன்று. பிரமஞான சபையைச் சேர்ந்த ஆங்கிலேயர் இருவர் பகவத்கீதையைத் தம்முடன் படிக்க வருமாறு அவரை அழைத்தனர். அவர் அதுகாறும் கீதையைச் சமஸ்கிருதத்திலும் படித்ததில்லை. தம் தாய்மொழியாகிய குஜராத்தியிலும் படித்ததில்லை. வெட்கத்துடனே ஒப்புக்கொண்டு எட்வின் ஆர்னல்டின் ஆங்கில மொழிபெயர்ப்பை அவர்களுடன் படித்தார். தம் வீட்டுப் பெட்டகத்துள் இருந்த செல்வத்தை அந்நியன் ஒருவன் திறந்து காட்டக் கண்ட கதை இது. நோக்கு விரிதல் என்று நாம் கூறுவது இதனையே. பிறநாட்டுப் பொருளை வியத்தல் அதன் தொடக்கம். தன்னாட்டுப் பொருளை முதன்முறை காணுதல் அதன் முதிர்வு.

ஆயின் அவரது நோக்கம் என்னவாயிற்று? 1891 யூன் 10 ஆம் நாள் பாரிஸ்டரானார். இரண்டு நாள் கழித்துக் கப்பலேறினார். பம்பாயில் எடுத்த முதல் வழக்கிலே எழுந்து நின்றவர் வாய் திறக்க இயலாது அமர்ந்துவிட்டார். சென்ற காரியம் அப்போதைக்குத் தோற்றது. செல்லாத காரியம் வளர்ந்தது. வெளிநாட்டுக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் இப்பகுதியை ஊன்றிப் படித்தல் நன்று. பட்டத்தைக் கொண்டு பயணத்தை அளப்போர்க்கு அக்காலத்துக் காந்தி ஒரு நட்டக்கணக்கே.

பயணத்தின் இடையிலே நோக்கமே மாறிப்போதலும் உண்டு. செட்டிநாட்டுக் கோட்டையூரிற் பிறந்த ஏ. கே. செட்டியார் நிழற்படக்கலை கற்க 1930 களில் யப்பானுக்கும் பின்னர் நியூயோர்க்குக்கும் சென்றார். 1937 ஒக்டோபர் 2 ஆம் நாள் நியூயோர்க்கிலிருந்து டப்ளின் செல்லும் கப்பலிலே, காந்தியின் வாழ்க்கையைத் திரைப்படச் சான்றாகத் தொகுக்கவேண்டும் என்னும் எண்ணம் அவருக்கு உதித்தது. அதற்கெனக் கண்டங்கள் பலவற்றிலும் ஏறத்தாழ ஒரு லட்சம் மைல் திரிந்து, பலர் பல காலங்களில் எடுத்து வைத்திருந்த படச்சுருள்களைத் தேடிச் சேர்த்து, 1940 இல் அப்படத்தை வெளியிட்டார். படம் எடுக்கக் கற்ற தமிழர் வேறு பலரும் உளர். யாதைப் படமெடுப்பது என்பதைச் சொந்த நாட்டிலிருந்து கொண்டுபோனவர் இவர். அதனாலேயே கற்ற கலை அவருக்குப் பயன்பட்டது.

இவ்வளவும் கூறியபின் ஊவாவின் பெரிய தடையைக் கூறாது விடுதல் முறையன்று. காந்தியைத் தடுத்தது சாதிப் பஞ்சாயத்து. தோட்டத்து மாணவனைத் தடுத்தது சட்டப் புத்தகம். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தந்தைவழி முன்னோர் இலங்கையிற் பிறந்தமையைச் சான்றுடன் நிறுவுமாறு கேட்டது. லயத்தில் பிறந்தவர்க்குச் சான்று ஏது? 1964 ஒக்டோபர் 30 ஆம் நாள் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டபோது நாடற்றவர் தொகை 975,000 எனக் கணிக்கப்பட்டது. அவருள் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 150,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் சரிபாதியாய்ப் பங்கிட்டுக்கொண்டன. 1988 இலும் இறுதியாக 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தினாலுமே எஞ்சியோர்க்கு வழி பிறந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள்! நாடற்றவனுக்குக் கடவுச்சீட்டு ஏது? தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் ஐந்தாம் வகுப்போடு நின்றன. அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970 களிலேயே. அக்காலத்தில் ஒரே வகுப்பிலிருந்த பிள்ளைகளுள் ஒருவன் தலைமன்னாருக்குப் புகையிரதம் ஏறினான். மற்றவன் மேடையில் நின்று கையசைத்தான். கடல் கடத்தல் என்னுஞ் சொல்லுக்கு எமது தோட்டப்புறங்களில் நெடுங்காலம் இருந்த பொருள் அதுவே. வெளிநாட்டுக் கல்வியின் நன்மையை விழா மேடைகளிற் பேசுவோர் இதனையும் நினைவில் வைத்தல் வேண்டும்.

இன்று அத்தடை சட்டத்தளவில் நீங்கியுள்ளது. பணத்தடை முற்றாக நீங்கவில்லையாயினும் வழிகள் சில உள. தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளின் கல்விக்கென 1947 இல் இந்திய அரசின் ஆதரவிலே ஒரு நம்பிக்கை நிதியம் தொடங்கப்பட்டது. இந்தியப் பல்கலைக்கழகங்களிற் பயில நேரு நினைவுப் புலமைப்பரிசில், மௌலானா ஆசாத் புலமைப்பரிசில் முதலியன இலங்கை மாணவர்க்கு வழங்கப்பட்டு வந்துள்ளன. இவ்வழிகளிற் செல்லும் ஊவா மாணவர் எதனைப் பார்க்கலாம் என்பதற்கு இரண்டு இடங்களைக் குறிப்போம்.

ஒன்று நீலகிரி. ஒப்பந்தத்தின்படி சென்றோருட் பலர் கோத்தகிரி, கூடலூர்ப் பகுதிகளிற் குடியமர்ந்தனர். அவர்க்கு வேலையளிக்கவே தமிழ்நாட்டு அரசு அங்கே தேயிலைத் தோட்டங்களை அமைத்தது. கோயம்புத்தூரிற் பயிலும் எமது மாணவர் ஒருவர் விடுமுறை நாளொன்றில் பேருந்தேறி அங்கே செல்லலாம். இலங்கையிலே இந்தியத் தமிழர் என்று எழுதப்பட்டவர் அங்கே சிலோன்காரர் என்று அழைக்கப்படுதலைக் காதாற் கேட்கலாம். பெயர் என்பது பிறர் நின்ற இடத்தைப் பொறுத்து நம்மீது ஒட்டப்படுவது என்னும் பாடத்தை எந்தச் சமூகவியல் விரிவுரையும் இவ்வளவு விரைவிற் கற்பியாது. அங்கே கொழுந்தின் விலை, நாட்சம்பளம், வீட்டுரிமை, பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றை வினவிக் குறித்துக்கொண்டு வந்தால், அதனை நம் தோட்டத்தோடு ஒப்பிடும் வேலை ஊரிற் காத்திருக்கின்றது.

மற்றையது ஹொங்கொங். இதனைக் கேட்டு நகைப்போரும் உளர். அந்நகரை வாணிகத்திற்கும் வானளாவிய மாடங்களுக்குமே அறிவோம். ஆயின் 1972 யூன் 18 ஆம் நாள் பெருமழையால் அங்கே இரண்டு இடங்களில் மண்சரிந்து நூற்றுக்கு மேற்பட்டோர் ஒரே நாளில் மாண்டனர். 1976 இலும் சரிவு நேர்ந்தது. 1977 இல் அரசு சரிவுகளைக் கண்காணிப்பதற்கெனத் தனி அலுவலகம் அமைத்தது. இன்று வெட்டியும் நிரப்பியும் ஆக்கப்பட்ட பல்லாயிரஞ் சரிவுகளுக்கு ஒவ்வொன்றாய் இலக்கமிட்டு, பொறுப்பாளர் இன்னாரென்று பதிந்து, வீதியோரத்தில் இலக்கத் தகடு அடித்து வைத்திருக்கின்றார்கள். யாழ்ப்பாணத்து மாணவர் அத்தகட்டைக் கடந்து போய்விடுவார். சமநிலத்திற் பிறந்தவர்க்கு அது ஒரு தகடு. 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் மறைந்ததை அறிந்த ஊவா மாணவரோ அதன்முன் நிற்பார். அபாயமான இடம் என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்த சரிவு அது. அச்சரிவுக்கு ஓர் இலக்கமும் ஒரு பொறுப்பாளரும் இருந்திருப்பின் யாது நிகழ்ந்திருக்கும் என்று அவர் உள்ளம் வினவும். நாம் முன்னர்க் கூறிய உடன்கொண்டு செல்லும் வினா இத்தகையது. அதனை விமான நிலையத்தில் எடை போடுவதில்லை.

கற்கச் சென்றோர் திரும்பாமையைப் பற்றியும் ஒரு சொல். திரும்பாதோரைக் குறைகூறுதல் எமது கருத்தன்று. உயிருக்கு அஞ்சிப் போனவரும் இருக்கின்றனர். வீட்டுக் கடன் தீர்க்க அங்கேயே அமர்ந்தவரும் இருக்கின்றனர். அவர் அனுப்பும் பணத்திற் கட்டிய வகுப்பறைகள் நம் நாட்டிற் பல. எனினும் பணம் அனுப்புவோர் கண்டதையும் எழுதி அனுப்பினால் நலம். மூன்று பக்கக் கடிதம் ஒன்று, தாம் கற்கும் ஊரிற் பாடசாலை எவ்வாறு நடைபெறுகின்றது, தொழிலாளி எவ்வாறு வாழ்கின்றான், அங்காடியில் ஊவாத் தேயிலை என்ன விலைக்கு விற்கின்றது என்று எழுதினாலும் போதும். யூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட காற்றினால் ஊவாத் தேயிலை பெறும் தனிமணத்தை உலகத்து வாணிகர் அறிவர். அம்மணத்திற்கு அந்நாட்டார் கொடுக்கும் விலையைக் கொழுந்து பறிப்பவரின் பிள்ளை அறிதல் வேண்டாமா? இத்தகைய கடிதங்களைக் கல்லூரி நூலகத்திலே கோப்பிட்டு வைத்தல் பழைய மாணவர் சங்கத்திற்குச் செலவில்லாத பணி.

செல்ல வாய்ப்பில்லாதவர் நிலை என்ன? சுவாமி விபுலானந்தர் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டத்தை இங்கிருந்தே பெற்றார். இலண்டனைக் காணாதே இலண்டன் பட்டம் பெற்றோர் அக்காலத்தில் இன்னும் பலர். ஆதலின் கப்பலேறாதவன் கிணற்றுத் தவளை என்று முடிவுகட்டுதல் பேதைமை. பதுளையிற் புகையிரதம் ஏறி யாழ்ப்பாணம் வரை சென்று அங்கொரு வாரம் தங்கி வந்தாலும் நோக்கு விரியும். மட்டக்களப்பு இன்னும் அண்மையது. அதற்கும் வினா வேண்டும், அவ்வளவே வேறுபாடு.

இறுதியாக, செல்ல விரும்பும் மாணவர்க்கு நடைமுறைச் செய்தி ஒன்று. கடவுச்சீட்டு வேண்டுவோர் பத்தரமுல்லைத் தலைமை அலுவலகத்துக்கோ கண்டிப் பிராந்திய அலுவலகத்துக்கோ செல்லும் நாளில், பலரது விண்ணப்பம் தடைப்படுவது பணத்தாலன்று, பெயராலேயே. தோட்டத்திற் பிறந்தோரின் பிறப்புச் சான்றிதழிலே பெயர் ஒருவிதமாகவும், அடையாள அட்டையில் வேறுவிதமாகவும், பரீட்சைச் சான்றிதழில் மற்றொருவிதமாகவும் எழுதப்பட்டிருத்தல் உண்டு. தமிழ்ப் பெயரைச் சிங்களத்தில் எழுதியபோது எழுத்து மாறியிருக்கலாம். தந்தை பெயர் முன்பின்னாக மாறியிருக்கலாம். பிறந்த நாளே பிழையாகவும் இருக்கலாம். பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் விண்ணப்பித்துத் திருத்தம் பெறலாம். ஆனால் அதற்கு மாதங்கள் செல்லும். புலமைப்பரிசில் விண்ணப்பத்தின் முடிவுத் திகதியோ காத்திராது. ஆதலின் சாதாரணதரப் பரீட்சைக்கு முன்னரே, ஒன்பதாம் வகுப்பிலேயே, தத்தம் பிறப்புச் சான்றிதழை எடுத்து எழுத்தெழுத்தாய் ஒருமுறை படித்துப் பார்க்குமாறு மாணவரையும், அதனைத் தவணைக்கொருமுறை வகுப்பில் நினைவூட்டுமாறு வகுப்பாசிரியரையும் வேண்டுகின்றோம்.